மறைந்தது எங்கே போகிறது? ‘மறை’ என்ற சொல்லைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாளிதழ் ஒன்றில் பல வருடம் புரூஃப் பார்த்தவன் நான். மறைவு, மாயம், தலைமறைவு, காணவில்லை என்று ஒரே பக்கத்தில் நாலு விதமாக வரும். எது எங்கே பொருந்தும் என்று புதிதாக வேலைக்கு வந்தவர்கள் கேட்பார்கள். அப்புறம் நண்பர்கள், நண்பர்களின் பிள்ளைகள் என்று கேட்பவர் வட்டம் பெருகியது. அந்தக் கேள்விகளைத்தான் இங்கே சேர்த்திருக்கிறேன்.

‘மறை’ என்றால் அடிப்படையில் என்ன பொருள்?

பார்க்கிறவர் கண்ணுக்கும் பார்க்கப்படும் பொருளுக்கும் நடுவே வேறொன்று வந்து நிற்பது. அவ்வளவுதான். நிலா மேகத்தில் மறைந்தது என்றால் நிலா எங்கும் போய்விடவில்லை, மேகம் நடுவே வந்துவிட்டது. கொல்லையில் குளிப்பதற்குக் கீற்றால் மறைப்பு கட்டுகிறோமே, அந்த மறைப்புதான் இந்தச் சொல்லின் சரியான படம். மலையாளத்தில் ‘மற’ என்றாலே திரை, தட்டி.

அழிந்துபோவது, இறந்துபோவது என்ற பொருள்கள் எல்லாம் இதிலிருந்து கிளைத்தவை. மறைந்த பொருள் திரைக்குப் பின்னால் இன்னும் இருக்கிறது என்ற எண்ணம் இந்தச் சொல்லை விட்டு முழுக்கப் போகவே இல்லை. கீழே வரும் பல பதில்களுக்கு அதுதான் காரணம்.

‘மற’ என்பதும் ‘மறை’ என்பதும் உறவா?

உறவுதான். இரண்டும் ஒரே வேரிலிருந்து வந்தவை என்பதே சொல்லாராய்ச்சியாளர்கள் கருத்து. அக்கம்பக்கத்து மொழிகளைப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். கன்னடத்தில் ‘மரெ’ என்றால் மறப்பது. அதே ‘மரெ’ மறைவையும் குறிக்கும். தெலுங்கில் மறப்பது ‘மரச்சு’, மறைவு ‘மருகு’. கண்ணுக்குத் தெரியாமல் போவதைக் கன்னடக்காரர் ‘கண்மரெ’ என்கிறார், தெலுங்குக்காரர் ‘கனுமருகு’ என்கிறார். இரண்டிலும் கண் இருக்கிறது பாருங்கள். கண்ணுக்கு மறைந்தால் மறைவு, மனதுக்கு மறைந்தால் மறதி.

இந்த உறவால் எங்கள் வேலையில் பட்ட பாடு கொஞ்சமல்ல. இரண்டுக்கும் நடுவே ஒரு ‘ஐ’ ஒலிதான் வேறுபாடு. கம்போசிங்கில் அது விழுந்துவிட்டால் ‘மறைந்த தலைவர்’ என்பது ‘மறந்த தலைவர்’ ஆகிவிடும். ஒரு நினைவு நாள் விளம்பரத்தில் அப்படியே அச்சாகி, மறுநாள் கட்சிக்காரர்கள் வந்து நின்றார்கள். “எங்க தலைவர் எதை மறந்தாருன்னு போட்டிருக்கீங்க?” என்று கேட்டவருக்குப் பதில் சொல்ல எங்களில் யாருக்கும் வாய் வரவில்லை.

மறைந்தது, மறைத்தது: ஒரு எழுத்தில் என்ன மாறுகிறது?

செய்கிறவர் மாறுகிறார். மறைந்தது என்றால் தானாக நடந்தது, இலக்கணத்தில் தன்வினை. மறைத்தது என்றால் ஒன்று இன்னொன்றைச் செய்தது, பிறவினை. பிரிந்தது–பிரித்தது, சேர்ந்தது–சேர்த்தது என்பவையும் இதே மாதிரிதான். மெல்லின ‘ந்’ போய் வல்லின ‘த்’ வந்தால் ஓர் ஆள் உள்ளே வந்துவிட்டார் என்று பொருள்.

இந்த ஒற்றெழுத்தை வைத்துத் திருமூலர் ஒரு பாட்டே கட்டியிருக்கிறார்:

மரத்தை மறைத்தது மாமத யானை
மரத்தின் மறைந்தது மாமத யானை
பரத்தை மறைத்தன பார்முதல் பூதம்
பரத்தின் மறைந்தன பார்முதல் பூதமே

மரத்தில் செதுக்கிய யானை. யானை என்று பார்த்தால் மரம் தெரியாது, யானை மரத்தை மறைத்துவிட்டது. தச்சன் கண்ணோடு மரம் என்று பார்த்தால் யானை தெரியாது, அது மரத்துக்குள் மறைந்துவிட்டது. இரண்டு சமயத்திலும் பொருள் அங்கேயேதான் இருக்கிறது, பார்வைதான் மாறியது. ‘நாயைக் கண்டால் கல்லைக் காணோம், கல்லைக் கண்டால் நாயைக் காணோம்’ என்ற பழமொழிக்கும் இதே விளக்கத்தைத்தான் பெரியவர்கள் சொல்வார்கள்: அது கல்லில் வடித்த நாய். தெருநாயை அடிக்கக் கல் தேடும் கதையாக நாம் அதை ஆக்கிவிட்டோம். அந்தக் கதையும் மோசமில்லை, நடைமுறையில் உதவுகிறது.

சைவ சித்தாந்தத்தில் இறைவனின் ஐந்தொழில் படைத்தல், காத்தல், அழித்தல், மறைத்தல், அருளல். அழித்தலும் மறைத்தலும் அங்கே தனித்தனித் தொழில்கள் என்பதைக் கவனியுங்கள். மறைப்பது அழிப்பதாகாது என்பதை இவ்வளவு திட்டவட்டமாக வேறெங்கும் நான் பார்த்ததில்லை.

வேதத்துக்கு ஏன் ‘மறை’ என்று பெயர்?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. ‘வேதம்’ என்ற வடசொல் அறிதல் என்ற பொருளுள்ள ‘வித்’ என்ற வேரிலிருந்து வந்தது. அதைத் தமிழில் பெயர்த்திருந்தால் ‘அறிவு’ என்றோ ‘ஓத்து’ என்றோ நின்றிருக்கும் (ஓத்து என்ற பெயரும் உண்டு). ஆனால் நம்மவர் மறை என்றார்கள். அதாவது மொழிபெயர்க்கவில்லை, வெளியே நின்று பார்த்தபோது தெரிந்ததைப் பெயராக வைத்தார்கள். அது எழுத்தில் இல்லை, எல்லோர் காதிலும் விழவும் விடவில்லை. குறுந்தொகை 156ஆம் பாட்டில் காதல் நோயில் கிடக்கும் ஒருவன் பார்ப்பனத் தோழனைப் பார்த்து ‘எழுதாக் கற்பின் நின்சொல்’லில் பிரிந்தவரைச் சேர்த்து வைக்கும் மருந்து ஏதும் உண்டா என்று கேட்கிறான். எழுதப்படாத கல்வி என்பது அன்றே தெரிந்த அடையாளம். பொருள் ஆழத்தில் மறைந்திருப்பதால் மறை என்றும் உரையாசிரியர்கள் சொல்வார்கள்.

மறை என்றாலே வேதம்தான் என்று நினைத்துவிடவும் கூடாது. ‘நிறைமொழி மாந்தர் ஆணையிற் கிளந்த மறைமொழி தானே மந்திரம் என்ப’ என்கிறது தொல்காப்பியம். திருக்குறளில் ‘அறைபறை அன்னர் கயவர்தாம் கேட்ட மறைபிறர்க்கு உய்த்துரைக்க லான்’ (1076) என்று வரும்போது மறை என்பது வெறும் ரகசியம். தெருவில் தண்டோரா போடுகிறவனைப் போலக் கயவன் அதைச் சொல்லிக்கொண்டு திரிவான்.

பிற்காலத்தில் மற்ற சமயத்தாரும் இந்தச் சொல்லை எடுத்துக்கொண்டார்கள். முஸ்லிம்கள் குர்ஆனைத் திருமறை என்கிறார்கள். கத்தோலிக்கர்களுக்கு ஆயரின் எல்லை மறைமாவட்டம், கோயிலில் சாமியார் பேசுவது மறையுரை, பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமை படிப்பது மறைக்கல்வி. ஆனால் தேவாரம் முதலிய பன்னிரண்டு சைவத் தொகுப்புகளுக்கும் பெயர் திருமுறை. இதைத் திருமறை என்று அச்சடிக்கும் அழைப்பிதழ்கள் இன்றும் கைக்கு வருகின்றன.

வேதாரண்யத்துக்கும் மறைக்காட்டுக்கும் எது முதல் பெயர்?

தேவாரத்தில் இருப்பது மறைக்காடு. வேதங்கள் வழிபட்டுத் திருக்காப்பிட்டுப் போன கதவை அப்பர் பாடித் திறந்தார், சம்பந்தர் பாடி அடைத்தார் என்பது அந்த ஊர்க் கதை. மறை–வேதம், காடு–ஆரண்யம் என்று அப்படியே வடமொழிக்குப் போனது.

இன்னொரு கட்சியும் உண்டு. ‘மரை’ என்பது மான் வகை. ஊர் மரைக்காடாக இருந்து மறைக்காடாக மருவியது, அதை நம்பி வேதாரண்யம் என்று மொழிபெயர்த்துவிட்டார்கள் என்பது அவர்கள் வாதம். பக்கத்துக் கோடியக்கரைக் காட்டில் வெளிமான்கள் இன்றும் திரிவதால் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சம்பந்தர் கதவடைக்கப் பாடிய பதிகமே ‘சதுரம் மறைதான் துதிசெய்து வணங்கும்’ என்றுதான் தொடங்குகிறது. ஆகவே ஏழாம் நூற்றாண்டிலேயே அந்தப் பெயரில் வேதத்தைத்தான் கேட்டிருக்கிறார்கள். அதற்கு முன்னால் மான் இருந்ததா என்பது அவரவர் விருப்பம்.

ஆள் பெயரில் இதற்கு நேரெதிர்த் திசையில் ஒரு பயணம் நடந்தது. 1876இல் பிறந்த நாகப்பட்டினத்துக்காரர் சுவாமி வேதாசலம். வேதம் மறை ஆயிற்று, அசலம் மலை ஆயிற்று, சுவாமி அடிகள் ஆயிற்று: மறைமலை அடிகள். அவர் நடத்திய ‘ஞானசாகரம்’ இதழும் ‘அறிவுக்கடல்’ ஆனது. செங்கல்பட்டுப் பக்கம் ரயிலில் போகிறவர்கள் பார்க்கும் மறைமலைநகர் அவர் பெயரில் அமைந்ததுதான். அங்கே மறையும் கிடையாது, மலையும் கிடையாது.

‘மறை கழன்றவன்’ என்பதில் என்ன மறை?

அது மரை. திருகாணியில் சுற்றிவரும் புரி. ஜல்லிக்கட்டுக்காரர்கள் சொல்லும் ‘மறைக் காளை’ வேறு. உடம்பில் திட்டுத்திட்டாக வேறு நிறம் உள்ள மாடு அது. நிலவின் கறையைச் சொல்லும் ‘மறு’வுக்குச் சொந்தம்.

இறந்தவரை ‘மறைந்தார்’ என்பது ஏன்?

சாவை நேராகச் சொல்ல நாக்கு கூசுகிறது, அதனால். காலமானார், இயற்கை எய்தினார், சிவலோக பதவி அடைந்தார் என்று தமிழில் இதற்கு ஒரு மூட்டை இருக்கிறது. அவற்றுள் மறைந்தார் என்பதற்கு ஒரு வசதி: சாமி கும்பிடுகிறவரும் கும்பிடாதவரும் அதைத் தயங்காமல் எழுதலாம். எந்த உலகத்துக்குப் போனார் என்று அது சொல்வதில்லை.

ஆனால் எல்லோருக்கும் அது கிடைப்பதில்லை. தலைவர், எழுத்தாளர், நடிகர் என்றால் ‘மறைவு’. லாரி மோதிப் போனவர் ‘பலி’. ஆஸ்பத்திரியில் போன சாதாரண மனிதர் ‘உயிரிழந்தார்’. சாவில்கூட நாங்கள் வரிசை பார்த்துத்தான் தலைப்பு வைத்தோம் என்பதை இன்று நினைத்தால் சங்கடமாக இருக்கிறது.

எதிர்ச்சொல் என்ன என்பதைச் சுவரொட்டியே சொல்லிவிடும். ஒரு பக்கம் ‘தோற்றம்’, மறு பக்கம் ‘மறைவு’, கீழே தேதிகள். சூரியனுக்குச் சொல்வதை மனிதருக்குச் சொல்கிறோம். இலங்கைத் தமிழர் மரண அறிவித்தல்களில் ‘மலர்வு – உதிர்வு’ என்றும் போடுவார்கள். அழகாக இருக்கிறது, ஆனால் உதிர்ந்த பூ தரையில் கிடக்கும். மறைந்த சூரியன் கிடக்காது. எனக்கு மறைவுதான் பிடிக்கும்.

செய்தித்தாளில் வரும் ‘மாயம்’ என்ன?

‘கல்லூரி மாணவி மாயம்’, ‘மீனவர் இருவர் மாயம்’. ஆளைக் காணவில்லை, உயிரோடு இருக்கிறாரா என்று தெரியவில்லை என்றால் மாயம். போலீஸ் தேடுகிறது, அவராகவே ஒளிந்திருக்கிறார் என்றால் தலைமறைவு. இறந்துவிட்டார் என்றால் மறைவு. இந்த மூன்றையும் மாற்றிப் போட்டால் பிரச்சினைதான். ஒரு முறை வீட்டை விட்டுப் போன வியாபாரி ஒருவர் செய்திக்கு, மாயம் என்று இருந்ததை ‘நல்ல தமிழாக இருக்கட்டும்’ என்று ஓர் உதவி ஆசிரியர் ‘மறைவு’ என்று திருத்திவிட்டார். காலை ஆறு மணிக்கு அந்த வியாபாரியே போன் செய்தார். ஆள் திருப்பதியில் இருந்திருக்கிறார்.

தலைமறைவு எப்போதும் குற்றவாளிக்கு உரிய சொல் அல்ல. சென்னை மாகாணத்தில் கம்யூனிஸ்ட் கட்சி தடை செய்யப்பட்டபோது அதன் தலைவர்கள் வாழ்ந்ததும் தலைமறைவு வாழ்க்கைதான். அங்கே அது பெருமைக்குரிய சொல்.

சரி, மாயத்துக்கு வருவோம். மாயை என்ற வடசொல் ஒரு பக்கம். ‘மாய்’ என்ற தமிழ் வினை இன்னொரு பக்கம். மாய்தல் என்றால் மறைதல், அழிதல், சாதல். எவ்வளவு தூரம் ஒன்றோடொன்று கலந்தன என்பதில் அறிஞர்களுக்குள் சண்டை. ஆனால் ‘மாய்’ பழையது என்பதில் சந்தேகமில்லை. ‘உண்டால் அம்ம இவ்வுலகம்’ என்ற புறநானூற்றுப் பாட்டை (182) எழுதியவர் பெயர் கடலுள் மாய்ந்த இளம்பெருவழுதி. கடலில் போனார், திரும்பவில்லை. ஒரு பாண்டிய இளவலின் பெயரே அவர் காணாமல் போன செய்தியாகி நிற்கிறது. ‘மன்னா உலகத்து மன்னுதல் குறித்தோர் தம்புகழ் நிறீஇத் தாம்மாய்ந் தனரே’ என்று அதே நூலில் 165ஆம் பாட்டு. இதற்கும் ந்–த் ஜோடி உண்டு: மாய்ந்தார், மாய்த்துக்கொண்டார்.

‘சாவியைக் காணோம்’ என்பதில் ‘காணோம்’ யார்?

நாம்! காண் + ஓம். ‘நாம் காண்கிறதில்லை’ என்பதன் பழைய எதிர்மறை வடிவம் அது. அதனால்தான் சாவி‘யை’ என்று இரண்டாம் வேற்றுமை வருகிறது. சாவி எதுவும் செய்யவில்லை, நாம்தான் பார்க்கவில்லை. தனியாக வீட்டில் நின்றுகொண்டு தேடுகிறவரும் காணேன் என்று சொல்வதில்லை, காணோம் என்றுதான் சொல்கிறார். சுவரில் ஒட்டும் ‘காணவில்லை’ நோட்டீஸும் அப்படித்தான்: படத்தில் இருப்பவரைப் பற்றிய வாக்கியம் போலத் தெரியும், உண்மையில் ஒட்டியவரைப் பற்றியது.

யாழ்ப்பாணத்தில் சாப்பிடும்போது “காணும், காணும்” என்றால் போதும் என்று பொருள். சென்னைக்காரர் எதையோ தேடத் தொடங்கிவிடக்கூடாது.

தொலைந்தது என்பதும் அதேதானா?

கிட்டத்தட்ட. ஆனால் தொலைவதில் இழந்தவர் ஒருவர் இருக்க வேண்டும். பழம்பாட்டுகளில் தொலைதல் என்றால் அழிதல், தோற்றல். ‘தொல்கவின் தொலைய’ என்று தலைவியின் அழகு கெடுவதைச் சொல்வார்கள். இன்று தொலைவு என்றால் தூரம், தொலைபேசி கையில். “தொலைஞ்சு போ” என்று திட்டுவதில் இரண்டு பொருளும் இருக்கிறது.

பேச்சுவழக்கில்?

கம்பி நீட்டினான், டிமிக்கி கொடுத்தான், நைசாக நழுவினான், கழன்றுகொண்டான், எஸ்கேப். ஹோட்டலில் பில் வரும் நேரத்துக்கென்றே இத்தனை சொற்கள். இவற்றில் எதிலும் கண் இல்லை, கால்தான் இருக்கிறது.

‘காணாமல் போனோர்’ என்பதை ‘காணாமல் ஆக்கப்பட்டோர்’ என்று ஏன் மாற்றினார்கள்?

மறைந்தது–மறைத்தது, மாய்ந்தது–மாய்த்தது, தொலைந்தது–தொலைத்தது. ஒரு எழுத்தை மாற்றினால் செய்தவர் வந்துவிடுவார் என்று மேலே பார்த்தோம். ‘காணாமல் போ’ என்பதற்கு அந்த வசதி இல்லை. போனார் என்றால் அவராகப் போனார். இலங்கையில் போர்க்காலத்திலும் போர் முடிந்த 2009இலும் படையினரிடம் ஒப்படைக்கப்பட்டவர்கள், வீட்டிலிருந்து கூட்டிச் செல்லப்பட்டவர்கள் திரும்பி வராதபோது, அவர்களைக் ‘காணாமல் போனவர்கள்’ என்று எழுதுவதைக் குடும்பத்தார் ஏற்கவில்லை. யார் கூட்டிக்கொண்டு போனது என்பதை அந்தச் சொல் விழுங்கிவிடுகிறது. காணாமல் போகச் செய்யப்பட்டோர், காணாமல் போக்கடிக்கப்பட்டோர் என்றெல்லாம் எழுதிப் பார்த்து, கடைசியில் ‘வலிந்து காணாமல் ஆக்கப்பட்டோர்’ நிலைத்தது. ‘ஆக்கு’ என்ற பிறவினை, மேலே ‘படு’ என்ற செயப்பாட்டு வினை. வாயில் நுழையச் சிரமமான தொடர்தான். ஆனாலும் 2017 பிப்ரவரியில் கிளிநொச்சியில் தொடர் போராட்டத்துக்கு உட்கார்ந்த தாய்மாருக்கு அது தெளிவாகவே வாயில் வந்தது.

2016இல் சட்டம் இயற்றி அரசு அமைத்த அலுவலகத்தின் தமிழ்ப் பெயர் ‘காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகம்’. அதில் இன்னும் ‘போன’தான்.

இதே இலக்கணச் சிக்கல் ஸ்பானிய மொழியிலும் வந்தது. 1976 முதல் 1983 வரை அர்ஜென்டினாவில் ராணுவ ஆட்சி பிடித்துச் சென்றவர்களை ‘தெசபரெசீதோஸ்’, அதாவது காணாமல் போனவர்கள், என்றார்கள். அந்த மொழியிலும் மறைவதற்கான வினை தன்வினைதான். அதை வளைத்து, ஒருவரை இன்னொருவர் மறையச் செய்வதாகப் பேசத் தொடங்கினார்கள். 1979இல் செய்தியாளர்களிடம் பேசிய ஆட்சித் தலைவர் விதேலா, காணாமல் போனவர் இறந்தவரும் இல்லை உயிரோடிருப்பவரும் இல்லை, அவர் இல்லை, அவ்வளவுதான் என்ற பொருளில் சொன்னார். புவெனஸ் ஐரஸில் மாயோ சதுக்கத்தில் 1977 ஏப்ரல் முதலே தாய்மார், பின்னர் வெள்ளை முக்காடிட்டு, சுற்றி வந்தது அப்படிப்பட்ட பதிலை ஏற்காமல்தான்.

அப்படியானால் அவர்களைப் பற்றி எழுதும்போது எந்தச் சொல்?

குடும்பத்தார் சொல்லும் சொல்லையே எழுதுங்கள்: காணாமல் ஆக்கப்பட்டவர். இலங்கையில் 2016 முதல் இறப்புச் சான்றிதழுக்குப் பதிலாக, ஆள் இல்லை என்பதை மட்டும் பதியும் ஒரு சான்றிதழ் தரச் சட்டம் இருக்கிறது. இறப்புச் சான்றிதழை வாங்க மறுத்த குடும்பங்கள் பல. பேட்டிக்குப் போகிற இளைஞர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். நம் ஊர்ப் பழக்கத்தில் மரியாதையாக இருக்கட்டும் என்று நினைத்து, அந்த அம்மாவிடம் “மறைந்த உங்கள் மகன்” என்று தொடங்கிவிடாதீர்கள்.